ஒப்புக்கொடுத்தவன்

குணரத்தினம் கடவுளிடம் பொய் சொன்னது ஒரு வியாழக்கிழமை பின்னேரம், இருபத்திரண்டு பேருக்கு முன்னால், முழங்காலில் நின்றபடி.

திருகோணமலையிலிருந்து இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டிக் குச்சவெளிப் பக்கம் போனால், வீதிக்கும் கடலுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று இருக்கிறது. புதுக்கரை இல்லம் என்று பெயர். குடியையும் ஹெரோயின் தூளையும் விட முடியாத ஆண்களை மூன்று மாதம் வைத்திருந்து, ஜெபமும் தோட்டவேலையும் கொடுத்து அனுப்புகிற இடம். நடத்துபவர் பாஸ்டர் தவநேசன். இருபது வருடங்களுக்கு முன்னர் அவரே கொழும்பில் தூள் அடித்துத் தெருவில் கிடந்தவர். அந்தக் காலத்தில் விழுந்துபோன முன்பற்கள் இரண்டையும் அவர் இன்னும் கட்டவில்லை. கேட்டால், "கட்டினா மறந்துபோடுவன்" என்பார்.

குணரத்தினம் அங்கே வந்தது கடவுளைத் தேடி அல்ல, ஒரு கடிதத்துக்காக. துறைமுகத்தில் ஒரு தனியார் கம்பனியின் இழுவைப் படகில் எஞ்சின் பார்ப்பது அவன் வேலை. கோதுமை ஏற்றி வந்த கப்பலைக் கரைக்கு இழுக்கவேண்டிய ஒரு காலையில் அவன் எஞ்சின் அறைக்குள் குடிவெறியில் படுத்துவிட்டான். எண்ணெய் பார்க்காமல் ஓடிய எஞ்சின் இறுகி நின்றது. படகு கால்மணி நேரம் சும்மா மிதந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனேஜர் அவனைக் கூப்பிட்டு, "எங்கையாவது போய்த் திருந்திப்போட்டு, திருந்தினதெண்டு கடிதம் கொண்டு வா. அதுவரைக்கும் உன்ர இடத்தை வச்சிருக்கிறன்" என்றார். அப்போது அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. வேறு தொழில் தெரியாது.

பாஸ்டர் கடிதத்துக்கு நிபந்தனை எதுவும் போடவில்லை. ஆனாலும் தன்னைக் கடவுளிடம் கொடுக்கிற ஒப்புக்கொடுத்தல் ஜெபம் செய்யாமல் வெளியே போன ஒருவனுக்கு அவர் கடிதம் எழுதியதாக இல்லத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை. குணரத்தினம் எழுபது நாள் தள்ளிப்போட்டான். பிறகு ஒரு வியாழக்கிழமை எழுந்து முன்னால் போய் முழங்காலிட்டான்.

"ஆண்டவரே, என்னாலை ஏலாது. என்ர சித்தத்தை உம்மட்டைத் தாறன். இனி நான் இல்லை, நீர்தான்."

சத்தமாகத்தான் சொன்னான். குரல்கூட நடுங்கியது. ஆனால் அவனுக்குள் இன்னொருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். எதையும் யாருக்கும் கொடுக்கிற எண்ணம் அந்த இன்னொருவனுக்கு இல்லை. பாஸ்டர் அவன் தலையில் கை வைத்தபோது அந்தக் கை சூடாக இருந்தது. வெட்கமாக இருந்தது.

அதே பின்னேரம், அவனுக்கு அடுத்ததாக எழுந்தவன் கதிரவேல்.

கதிரவேல் சல்லிக் கிராமத்தில் மீன்பிடிப்பவன். முப்பத்தெட்டு வயது, கறுத்து இறுகிய உடம்பு. குடித்துவிட்டு வலையைக் கொளுத்தியவன், மனைவியின் தோடுகளைக் கள்ளச்சாராயமான கசிப்புக்குக் கொடுத்தவன். அவன் குடும்பத்தில் யாரும் தேவாலயப் படி ஏறியதில்லை. அவனை இல்லத்தில் கொண்டுவந்து விட்டவள் மனைவி கோணேஸ்வரி. "எந்தச் சாமியெண்டாலும் எனக்குச் சரி. மனுசன் வெறியில்லாமல் வீட்டுக்கு வந்தால் போதும்" என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனவள்.

கதிரவேல் முழங்காலில் நின்றான். பிறகு சொன்னான்: "எனக்கு உங்கட ஆக்கள் மாதிரிக் கதைக்கத் தெரியாது. என்னை எடுங்கோ. மிச்சம் வையாமல் எடுங்கோ."

அவ்வளவுதான். அழுதான், ஆனால் மற்றவர்கள் பார்க்க அழவில்லை. அன்று இரவு பக்கத்துக் கட்டிலில் அவன் குறட்டை விட்டுத் தூங்கினான். அதற்கு முன் எழுபது நாளும் அவன் தூங்கிக் குணரத்தினம் பார்த்ததில்லை.

அடுத்த நாள் கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது குணரத்தினம் கேட்டான். "உண்மையா உனக்கு ஏதும் நடந்ததோ?"

"ஓமண்ணை. பாரம் இறங்கினமாதிரிக் கிடக்கு. இனி நான் யோசிக்கத் தேவையில்லை. அவர் பாத்துக்கொள்ளுவார்."

"யோசிக்காமல் என்னெண்டு இருக்கிறது?"

"கடலில நீரோட்டம் இழுத்தா எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு அதின்ர போக்கில விடுறேல்லையோ? அப்பிடித்தான்."

"எஞ்சின் நிண்டா கல்லில அடிக்கும், கதிர்."

கதிரவேல் சிரித்தான். "நீங்கள் எஞ்சின்காரன். அப்பிடித்தான் கதைப்பீங்கள்."

இரண்டு பேரும் ஒரே கிழமையில் வெளியே போனார்கள். குணரத்தினத்துக்குக் கடிதம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது. பாலையூற்றில் இருக்கிற அவன் வீட்டில் மனைவி எமில்டா, மாதாவின் படத்துக்கு முன்னால் ஒன்பது நாள் மெழுகுதிரி கொளுத்தினாள்.

அவன் குடிக்கவில்லை. அதுதான் அவனுக்கே விளங்காத விஷயம். பொய் சொல்லி வாங்கிய கடிதம், இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால் பெரிது என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து படகிலிருந்து இறங்கும்போது, வாய் காய்ந்து, கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும்போது, இண்டைக்கு வேண்டாம் என்று தனக்குத்தானே சொன்னான். சொல்லிவிட்டுச் சைக்கிளைப் பிடித்தான். அவ்வளவுதான். அதில் ஒளி எதுவும் இல்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவது மட்டும்தான்.

ஒருநாள் அதுவும் ஏலாமல் போனது. எமில்டாவுடன் சண்டை. ஏன் வந்தது என்றுகூடப் பிறகு ஞாபகம் இல்லை. அவன் உட்துறைமுக வீதியால் நேரே பாருக்குப் போனான். முடிவு எடுத்தாயிற்று. மனம் அமைதியாகக்கூட இருந்தது. பாரின் இரும்புக் கதவு மூடியிருந்தது. அவன் அதை இரண்டு தரம் தட்டினான். வீதிக்கு அந்தப் பக்கம் ஓட்டோவுக்குள் படுத்திருந்த கிண்ணியாக்காரன் முனீப் தலையை நீட்டி, "அண்ணன், இண்டைக்குப் போயாவெல்லோ, பௌர்ணமி லீவு. எல்லாம் பூட்டு" என்றான்.

குணரத்தினம் அந்தக் கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். இல்லத்தில் இருந்த யாரிடம் இதைச் சொன்னாலும், பார்த்தாயா, கடவுள் காத்தார் என்பார்கள். அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. காத்தது அரசாங்கத்தின் கலண்டர் என்றுதான் தோன்றியது. ஆனால் அடுத்த நாள் பார் திறந்தபோது அவன் போகவில்லை. அது யார் செய்த வேலை என்று அவனுக்குத் தெரியவில்லை.

கதிரவேலும் ஏழு மாதம் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சல்லியிலிருந்து பஸ் ஏறி இல்லத்துக்கு ஆராதனைக்கு வருவான். வந்தால் முன்வரிசையில் இருப்பான். ஊரில் அவனுடைய தமையன்மார் அவனை வேதக்காரன் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. எதைக் கேட்டாலும், "அவர் பாத்துக்கொள்ளுவார்" என்பான். குணரத்தினத்துக்கு அது கேட்கக் கேட்க எரிச்சலாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

சித்திரை மாதம், வெயில் கொதித்த ஒரு மத்தியானம். எஞ்சின் அறையில் இருந்த குணரத்தினத்தின் போன் அடித்தது.

"அண்ணை, நான் குடிச்சுப்போட்டன்."

கதிரவேலின் குரல் தெளிவாக இருந்தது. அப்போது வெறியில் இருக்கவில்லை. முதல்நாள் கலியாணவீடு ஒன்றுக்குப் போயிருக்கிறான். போகவேண்டாம் என்று கோணேஸ்வரி மறித்திருக்கிறாள். கடவுள் கூட இருக்கிறார், எனக்கென்ன பயம் என்று போனவன்.

"என்ர அண்ணன் கிளாசைக் கையில தந்தவர். நான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். நான் வேண்டாமெண்டு சொல்லத் தேவையில்லை, ஆண்டவர் எனக்குள்ள இருந்து சொல்லுவார் எண்டு நிண்டனான் அண்ணை. ஒருத்தரும் சொல்லேல்ல."

குணரத்தினம் எண்ணெய்த் துணியைக் கையில் பிடித்தபடி நின்றான். பயமாக இருந்தது. அந்தக் கிளாஸ் தன் கையிலும் இருந்தது போல இருந்தது. எதையாவது சொல்லி அந்தக் குரலைத் தன்னிடமிருந்து தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. இல்லத்தில் நூறு தரம் கேட்ட வசனம் வாயில் வந்தது.

"நீ முழுசாக் குடுக்கேல்லைப் போல கதிர். எங்கையோ மிச்சம் வச்சிருக்கிறாய்."

அந்தப் பக்கம் கடலின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மிச்சமோ?" என்றான் கதிரவேல். பிறகு மெதுவாக, "இனி என்னத்தையண்ணை குடுக்கிறது?" என்றான்.

மேலேயிருந்து படகோட்டி சத்தம் போட்டுக் கூப்பிட்டான். "பிறகு எடுக்கிறன்" என்று சொல்லிக் குணரத்தினம் போனை வைத்தான். அன்று எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் கதிரவேல் கசிப்புக் குடித்துவிட்டுத் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போனான். நிலாவெளிப் பக்கத்து மீனவர்கள் படகை ஆளில்லாமல் கண்டார்கள். உடம்பு மறுநாள் காலை கரை ஒதுங்கியது. தவறி விழுந்தானா, குதித்தானா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

செத்தவீட்டைத் தமையன்மார் தங்கள் முறைப்படி செய்தார்கள். பாஸ்டர் தவநேசன் வேதப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். மூத்த தமையன் வாசல் படலையை மறித்து நின்று, "உயிரோட இருக்கேக்க நீங்கள் எடுத்தீங்கள். பிணத்தையாவது எங்களுக்கு விடுங்கோ" என்றான். பாஸ்டர் எல்லாம் முடியும்வரை வெளியே ஒழுங்கையில் வெயிலில் நின்றார். குணரத்தினம் உள்ளே போய் ஒரு மூலையில் நின்றான். கோணேஸ்வரி அவனைக் கண்டு எழுந்து வந்தாள். அவள் கையில் கதிரவேலின் போன் இருந்தது.

"கடைசியா உங்களுக்குத்தான் எடுத்திருக்கிறார். என்னண்ணை சொன்னவர்?"

"லைன் சரியில்லை பிள்ளை. ஒண்டும் விளங்கேல்ல" என்றான் குணரத்தினம்.

அது அவன் சொன்ன இரண்டாவது பொய். முதலாவதை விட அது சுலபமாக வந்தது.

ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் போனது. இல்லத்தின் பத்தாவது ஆண்டு நிறைவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனை வைத்தார்கள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன் பாஸ்டர் குணரத்தினத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"நீங்கள்தான் சாட்சி சொல்லோணும். ரெண்டு வருசமாகப் போகுது. உங்களைப் போல நிண்டு பிடிச்ச ஆக்கள் குறைவு." பாஸ்டர் பிளேன்ரீக் கோப்பையை அவன் பக்கம் தள்ளி வைத்தார். "கதிரவேலையும் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் ஒரே நாள் ஜெபிச்சவை. ஒருத்தன் தன்னை முழுசாக் குடுத்தான், மற்றவன் குடுக்கேல்ல. அதைக் கேட்டா உள்ளுக்க இருக்கிறவங்களுக்கு விளங்கும்."

குணரத்தினம் தேநீரைத் தொடவில்லை.

"பாஸ்டர், குடுக்காதவன் நான்."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். கடிதத்தைப் பற்றி, தனக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றவனைப் பற்றி, போனில் சொன்ன வசனத்தைப் பற்றி. பாஸ்டர் நடுவில் மறிக்கவில்லை. முடிந்த பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்கள் பொய் எண்டு நினைச்சதைக் கடவுள் உண்மையா எடுத்திருக்கலாம்" என்றார்.

"அப்ப கதிர் சொன்ன உண்மையை என்னவா எடுத்தவர்?"

பாஸ்டர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

"எனக்கு ஒண்டு விளங்கேல்ல பாஸ்டர். குடிச்சா அது என்ர சித்தம். நிப்பாட்டினா அது கடவுளின்ர சித்தம். அப்ப என்ர கையில இருக்கிறது பாவம் மட்டும்தானோ?"

"அது எனக்கும் விளங்காத இடம்" என்றார் பாஸ்டர். குரல் இறங்கிவிட்டது. "பதினொரு பேரின்ர செத்தவீட்டுக்குப் போயிருக்கிறன் குணரத்தினம். எல்லாரும் அழுது ஜெபிச்சவங்கள். ஒருத்தனும் நடிச்சதெண்டு நான் சொல்லமாட்டன். ஆனா உள்ளுக்க இருக்கிறவங்களைப் பாருங்கோ. அவங்களுக்கு முழங்கால் போட ஒரு நிலம் வேணும். அந்த நிலத்தில ஓட்டை இருக்கெண்டு நானே சொன்னா, ஆர் முழங்கால் போடுவான்?"

அவர் சொன்னது பொய்யல்ல என்று குணரத்தினத்துக்குத் தெரிந்தது. அந்த மனிதர் இருபது வருடமாக அந்த நிலத்தில்தான் நிற்கிறார்.

"உங்களுக்கு ஏலாதெண்டா வேண்டாம்" என்றார் பாஸ்டர். "வேற ஆரையும் கேக்கிறன்."

"இல்லை. நான் சொல்லுறன்" என்றான் குணரத்தினம். எதைச் சொல்லுவான் என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆராதனைக்கு முதல்நாள் அவன் சல்லிக்குப் போனான். கோணேஸ்வரி அப்போது நிலாவெளியில் ஒரு ஹொட்டேலில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை செய்தாள். வீட்டு விறாந்தையில் அவனுக்குக் கதிரை போட்டாள். அவள் விரல்கள் சவர்க்காரத்தில் ஊறி வெளிறிப்போயிருந்தன. சுவரில் அம்மன் படமும், அதற்குப் பக்கத்தில் மாலை போட்ட கதிரவேலின் படமும் இருந்தன. படத்தில் அவன் சிரிக்காமல் நின்றான்.

"லைன் சரியில்லை எண்டு சொன்னது பொய் பிள்ளை" என்று குணரத்தினம் தொடங்கினான்.

அவள் குசினிக் கதவில் சாய்ந்து நின்று கேட்டாள். கதிரவேல் போனில் சொன்னதைச் சொல்லும்போது, கிளாசைப் பிடித்துக்கொண்டு நின்ற கதை வந்ததும், அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தான் அதற்குச் சொன்ன பதிலைச் சொன்னான். பிறகு தன்னுடைய ஜெபத்தைப் பற்றியும் சொன்னான்.

கோணேஸ்வரி முற்றத்துப் பக்கம் திரும்பினாள்.

"அந்த மனுசன் ரெண்டு நாளும் சாப்பிடேல்ல" என்றாள். "என்னப்பா எண்டு கேட்டா, நான் கள்ளன் எண்டு சொன்னவர். கடவுளுக்குக் குடுக்கிறன் எண்டு சொல்லி ஏதோ ஒளிச்சு வச்சிட்டனாம். என்னெண்டு தெரியேல்லையாம். தேடிக்கொண்டிருந்தவர். பைத்தியம் பிடிச்ச மாதிரி தேடினவர். எனக்கு விளங்கேல்ல. இப்பதான் விளங்குது, அந்தக் கதை எங்கையிருந்து வந்ததெண்டு."

குணரத்தினம் தலையைக் குனிந்துகொண்டான்.

"கடவுள் ஏன் கைவிட்டவர் எண்டுதான் நானும் யோசிச்சு யோசிச்சு…" என்றான்.

"கடவுளை விடுங்கோ." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு உங்கட கடவுளோட கோவமில்லை. எங்கட அம்மனோடயும் கோவமில்லை. அவையளுக்கு போன் எடுக்கேல்லை. உங்களுக்குத்தான் எடுத்தவர். 'வா' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வந்திருப்பார். 'நில், நான் வாறன்' எண்டு சொல்லியிருந்தா நிண்டிருப்பார். உங்களால ஏலாததை ஆரும் கேக்கேல்ல."

ஜெபத்தைப் பற்றியும் சித்தத்தைப் பற்றியும் ஒரு வருடமாக யோசித்த எல்லாம் அந்த விறாந்தையில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்த மத்தியானம் யாரும் அவன் கையைப் பிடித்திருக்கவில்லை. அந்த வசனத்தைச் சொன்னவன் அவன். திருப்பி எடுக்காமல் விட்ட இரண்டு நாளும் அவனுடையவை.

"நாளைக்கு இல்லத்தில கூட்டம். நான் கதைக்கோணும். நீங்கள் வந்தால்…"

"நான் வரேல்ல. நீங்களும் இனி இஞ்ச வராதேங்கோ அண்ணை. உங்களைக் கண்டா எனக்கு அந்தப் போன்தான் ஞாபகம் வரும்."

அவள் உள்ளே போய்விட்டாள். அவன் கதிரையை எடுத்துச் சுவரோரம் வைத்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. இல்லத்தில் இருந்தவர்கள் வலப்பக்கம், வெளியிலிருந்து வந்தவர்களும் குடும்பத்தினரும் இடப்பக்கம். எமில்டா மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவளுக்கும் அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அவன் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது. "நான் இந்த இடத்தில முழங்கால் போட்டுச் சொன்ன ஜெபம் பொய்" என்றுதான் தொடங்கினான். "எனக்குப் பிறகு ஜெபிச்ச கதிரவேல் சொன்னது உண்மை. நான் உயிரோட நிக்கிறன். அவன் இல்லை. அவன் முழுசாக் குடுக்கேல்லை எண்டு சொன்னவன் நான். அது பச்சைப்பொய். அவன் குடுத்ததை நான் பக்கத்தில இருந்து பாத்தனான். ஏன் இப்பிடி நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. தெரியுமெண்டு நான் இனி ஆருக்கும் சொல்லமாட்டன்."

அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் மைக்கை வைத்துவிட்டு இறங்கினான். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் தவநேசன் எழுந்து வந்து மைக்குக்கு முன்னால் நின்றார். "ஜெபிப்போம்" என்றார். ஆனால் ஜெபம் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். கடைசியில் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் பாட்டொன்றைத் தொடங்கினாள். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எமில்டா பாடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டில் ஒரு கோப்பை சோறு ஆளில்லாமல் இருந்தது. அது ரிஷிகேசனுடையது. திரியாயைச் சேர்ந்தவன், முப்பத்தைந்து வயது, பஸ் கண்டக்டராக இருந்து குடியால் வேலை போனவன். இல்லத்துக்கு வந்து இரண்டு மாதம். வருகிற வியாழக்கிழமை அவன் ஒப்புக்கொடுத்தல் ஜெபம் செய்வதாக இருந்தது.

குணரத்தினம் வெளியே வந்து பார்த்தான். வீதியோரம் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரிஷிகேசன் பஸ்ஸுக்கு நின்றான்.

"எங்க தம்பி?"

"திருகோணமலை ரவுணுக்கு." அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்கள்தானே சொன்னீங்கள். உண்மையாக் குடுத்தவன் செத்துப்போனான், பொய் சொன்னவன் இருக்கிறான் எண்டு. பிறகு நான் ஏன் இஞ்ச இருந்து கத்தரிக்குத் தண்ணி ஊத்துவான்?"

"நான் அதுக்குச் சொல்லேல்ல."

"நீங்கள் எதுக்குச் சொன்னீங்களோ எனக்குத் தெரியாது. எனக்கு இருந்தது அந்த ஒண்டுதான். வியாழக்கிழமை எண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தனான்."

குணரத்தினம் பின்னால் பார்த்தான். பாஸ்டர் வாசலில் நின்றார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. பஸ் வந்தது. ரிஷிகேசன் ஏறினான். குணரத்தினமும் ஏறி அவன் பக்கத்தில் இருந்தான்.

"நீங்கள் ஏன்?"

"நானும் ரவுணுக்குத்தான்."

நிலாவெளி தாண்டி, சல்லிக்குத் திரும்பும் சந்தியில், பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டது. குணரத்தினம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. திருகோணமலை பஸ் ஸ்ராண்டில், ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு, குப்பையில் கிடந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. ரிஷிகேசன் இறங்கி வேகமாக நடந்தான். குணரத்தினம் பின்னால் போனான்.

பார் வாசலில் ரிஷிகேசன் நின்று திரும்பினான். "என்னை மறிக்கப்போறீங்களோ?"

"இல்லை. மறிக்க எனக்கு ஏலாது."

"அப்ப உள்ளுக்க வரப்போறீங்களோ?"

"வந்தா நானும் குடிப்பன்" என்றான் குணரத்தினம். அது உண்மை. கதவுக்குள்ளிருந்து வந்த வாசனையிலேயே அவனுடைய வாய் ஊறத் தொடங்கியிருந்தது. "போகாதை தம்பி. நான் கேக்கிறன். போகாதை."

ரிஷிகேசன் ஒரு கணம் தயங்கினான். பிறகு உள்ளே போனான்.

குணரத்தினம் எதிரே இருந்த மதகுச் சுவரில் ஏறி இருந்தான். சைக்கிள்களும் ஓட்டோக்களும் போய்க்கொண்டிருந்தன. வெயில் சரிந்தது. எமில்டா மூன்று தரம் போன் எடுத்தாள். மூன்றாவது தரம் அவன் பேசினான். எங்கே இருக்கிறான் என்று சொன்னான். "ஏன் எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்ல?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து சொல்லுகிறேன் என்றான். அவள் அழுதுகொண்டு வைத்தாள்.

அவனுக்குக் குடிக்கவேண்டும் போல இருந்தது. எழுந்து பத்து அடி நடந்தால் போதும். இரண்டு கைகளையும் தொடைகளுக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்துகொண்டான். அப்போது அவன் ஜெபித்தான். அது ஜெபம்தானா என்று அவனுக்கு நிச்சயமில்லை. கண்ணை மூடவில்லை, முழங்காலும் போடவில்லை.

"உமக்குத் தர என்னட்ட ஒண்டுமில்லை. தந்தனான் எண்டு பொய் சொல்லவும் மாட்டன். அவன் வெளியில வருமட்டும் நான் இதில இருக்கோணும். இருக்கிறன். நீர் இருந்தா நீரும் இரும்."

பதில் ஒன்றும் வரவில்லை. அவன் இருந்தான்.

ரிஷிகேசன் வெளியே வந்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. கால் தள்ளாடியது. பை உள்ளேயே விடுபட்டுப்போயிருந்தது. குணரத்தினத்தைக் கண்டதும் அப்படியே நின்றான்.

"நீங்கள் போகேல்லையோ?"

"இல்லை."

ரிஷிகேசன் வீதியோரம் குந்தி வாந்தி எடுத்தான். குணரத்தினம் அவன் முதுகைத் தடவிவிட்டு, பாருக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, எவ்வளவு வேகமாக வர முடியுமோ அவ்வளவு வேகமாக வெளியே வந்தான். ஓட்டோ ஒன்றை மறித்தான். ரிஷிகேசன் ஏற மறுக்கவில்லை. வழியில் குணரத்தினத்தின் தோளில் தலையைப் போட்டுத் தூங்கிவிட்டான்.

இல்லத்தில் பாஸ்டர் வாசலில் கதிரை போட்டு இருந்தார். ஓட்டோவைக் கண்டதும் எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல், ரிஷிகேசனின் மற்றக் கையைப் பிடித்தார். இரண்டு பேருமாக அவனைக் கட்டிலில் கிடத்திச் செருப்பைக் கழற்றினார்கள்.

"நாளைக்கு எழும்பி இருப்பானோ, போவானோ தெரியாது" என்றார் பாஸ்டர்.

"ஓம்" என்றான் குணரத்தினம்.

பாஸ்டர் ஒரு வாளியையும் துணியையும் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். குணரத்தினம் எமில்டாவுக்கு போன் எடுத்து, கடைசி பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னான். பிறகு துணியை நனைத்துப் பிழிந்து, தூங்கிக்கொண்டிருந்தவனின் முகத்தைத் துடைக்கத் தொடங்கினான்.